தண்ணீர்ப் பல்லி சொன்ன பலன்

உங்கள் வீட்டு தினசரி காலண்டரின் அட்டையைக் கொஞ்சம் திருப்பிப் பாருங்கள். ராகு காலம், எமகண்டத்துக்குப் பக்கத்தில் 'பல்லி விழும் பலன்' என்று ஒரு பட்டியல் இருக்கும். தலையில் விழுந்தால் ஒன்று, தோளில் விழுந்தால் ஒன்று, இடது காலுக்கு ஒன்று, வலது காலுக்கு ஒன்று. பேசிக்கொண்டிருக்கும்போது சுவரிலிருந்து சத்தம் கேட்டுவிட்டால் போதும், "பாத்தியா, பல்லியே சொல்லிடுச்சு!" என்று கட்சி கட்டுகிறவர்கள் நாம்.

அதனால், ஒரு பல்லியின் பேச்சைக் கேட்டு ஒரு நகரமே தன் கட்டடங்களைப் பற்றி மறுபடி யோசித்தது என்று நான் சொன்னால், நீங்கள் ஆச்சரியப்படக் கூடாது. ஆனால் அந்த நகரம் அமெரிக்காவில் இருக்கிறது. அந்தப் பல்லி வாய் திறந்து சத்தம் போட்டதும் இல்லை. கறாராகச் சொன்னால், அது பல்லியே இல்லை!

அதன் பெயர் சாலமாண்டர். விலங்கியல் புத்தகத்தில் படம் பார்த்திருப்பீர்கள். நாலு கால், நீள வால், அச்சு அசல் பல்லி. ஆனால் உறவுமுறையில் அது தவளைக்குப் பங்காளி. செதில் கிடையாது. ஈரமான, மெல்லிய தோல். பல சாலமாண்டர்கள் அந்தத் தோல் வழியாகவே மூச்சு விடுகின்றன. தண்ணீரில் என்ன கலந்திருக்கிறதோ, அது நேரே உடம்புக்குள் போய்விடும். நமக்காவது ஃபில்டர் இருக்கிறது, கேன் தண்ணீர் இருக்கிறது. அதற்கு எதுவும் இல்லை.

இந்தக் கதையை நான் கள்ளக்குறிச்சியிலிருந்துதான் தொடங்க வேண்டும். ஊரைத் தாண்டி கச்சிராயபாளையம் வழியாகப் போனால் கோமுகி அணை. அணைக்குப் பின்னால் நீலமாக எழுந்து நிற்பது கல்வராயன்மலை. அங்கே பெய்கிற மழை சின்னச் சின்ன ஓடைகளாக இறங்கி, கோமுகியிலும் மணிமுக்தாவிலும் சேர்ந்து, கடைசியில் வெள்ளாற்றோடு கலந்து பரங்கிப்பேட்டையில் கடலுக்குப் போகிறது. விருத்தாசலத்தில் கோயிலுக்குப் பக்கத்தில் ஓடுகிற மணிமுத்தாறு இந்த மலை பெற்ற பிள்ளைதான். வெள்ளிமலைக்கு ஏறும் வழியில் பெரியார் அருவியில் இறங்கிக் குளிக்காத சுற்றுலாக்காரர்கள் குறைவு.

சரி, அந்த ஓடைகளில் சாலமாண்டர் இருக்கிறதா என்று கேட்டால், இல்லை. கல்வராயனில் மட்டுமல்ல, தென்னிந்தியா முழுக்கத் தேடினாலும் கிடைக்காது. பின்னே எதற்கு இந்த மலையை இழுக்கிறேன் என்கிறீர்களா? அதை மனசில் ஓர் ஓரமாக வைத்துக்கொள்ளுங்கள். ஊர் சுற்றிவிட்டுத் திரும்ப வருவோம்.

இந்தியாவில் சாலமாண்டரைப் பார்க்க வேண்டுமானால் டார்ஜிலிங் பக்கம் போக வேண்டும். இமயமலையின் கிழக்குச் சரிவுகளிலும் வடகிழக்கு மலைகளிலும்தான் அது வாழ்கிறது. ஒரு சாண் நீளம்கூட வராது. பழுப்பு உடம்பு. முதுகின் இரண்டு பக்கமும் வரிசையாகக் குமிழ்கள். குளிர்காலத்தில் கல்லுக்கும் மரக்கட்டைக்கும் அடியில் சுருண்டு படுத்துக் கிடக்கும். மழைக்காலம் வந்ததும் மெதுவாக ஊர்ந்து குளத்துக்கு வந்து, நீர்ச்செடிகளில் முட்டையிடும்.

1871-ல் ஜான் ஆண்டர்சன் என்பவர் சீனாவின் யுன்னான் பகுதியில் கிடைத்த ஒரு சாலமாண்டருக்கு அறிவியல் பெயர் வைத்தார். கல்கத்தா அருங்காட்சியகத்தின் தலைமைப் பொறுப்பில் இருந்தவர் அவர். டார்ஜிலிங் சாலமாண்டரும் அதே இனம்தான் என்று எல்லோரும் நம்பினார்கள். இல்லை, இது தனி இனம் என்று கண்டுபிடித்து 'ஹிமாலயானஸ்' என்று பெயர் வைத்தது 2015-ல். கிட்டத்தட்ட ஒன்றரை நூற்றாண்டு வேறு யாருடைய பெயரிலோ வாழ்ந்திருக்கிறது, பாவம்!

இந்தப் பிராணிக்காக டார்ஜிலிங்கிலிருந்து சுமார் இருபது கிலோமீட்டர் தள்ளி, ஜோர்போக்ரி என்ற இடத்தை 1985-ல் சரணாலயமாக அறிவித்தார்கள். ஜோர்போக்ரி என்றால் இரட்டைக் குளம். மொத்தப் பரப்பே பத்து ஏக்கர்தான். அவ்வளவு சின்ன இடத்தை ஒரு தவளைப் பங்காளிக்காக ஒதுக்கியது பெரிய மனசுதான், சந்தேகமில்லை. ஆனால் பிறகு அந்த இடம் டூரிஸ்ட் ஸ்பாட் ஆனது. தங்கும் விடுதி வந்தது. குளத்தை 'அழகு' படுத்தினார்கள். கரையில் கான்கிரீட், நடுவில் படமெடுத்த பாம்புச் சிலை, தண்ணீரில் வாத்துகள்.

நமக்கு சிமென்ட் கரை என்றால் சுத்தம். சாலமாண்டருக்கு அது ஏற முடியாத மதில். அதற்குச் சேறும் புல்லும் சரிகிற மண்கரையும் வேண்டும். முட்டையை ஒட்ட வைக்கச் செடி வேண்டும். நீரையும் காட்டையும் மாறி மாறி வீடாக்கிக்கொண்ட பிராணி அது. இரண்டுக்கும் நடுவே ஒரு சுவர் எழுப்பிவிட்டால், அப்புறம் சரணாலயத்தின் பெயர்ப்பலகை மட்டும்தான் மிச்சம். கெடுதல் செய்ய வேண்டும் என்று யாரும் நினைக்கவில்லை. அதுதான் எனக்கு ரொம்ப உறுத்துகிறது. இப்போது டார்ஜிலிங் விலங்குக்காட்சி சாலையில் சாலமாண்டரைத் தனியாக வளர்த்துப் பெருக்கும் வேலை நடக்கிறது.

புகழ் இருந்தால் பிழைத்துக்கொள்ளுமோ என்று நினைக்காதீர்கள். மெக்சிகோ நகரத்து சோச்சிமில்கோ கால்வாய்களில் வாழும் ஆக்ஸோலாட்டில் என்ற சாலமாண்டர் உலகப் பிரசித்தம். வெட்டுப்பட்ட காலைத் திரும்ப வளர்த்துக்கொள்ளும் அதிசயப் பிறவி. உலகத்தின் பரிசோதனைச் சாலைகளில் ஆயிரக்கணக்கில் வளர்கிறது. ஆனால் சொந்த ஊரில்? 1998-ல் ஒரு சதுர கிலோமீட்டருக்கு 6,000 இருந்தது, 2008-ல் 100 ஆகி, 2014 கணக்கெடுப்பில் 36-க்கு வந்து நின்றது. நகரத்துக் கழிவுநீர் ஒரு காரணம். மீன்வளத்தைப் பெருக்குகிறோம் என்று கொண்டுவந்து விட்ட கெண்டையும் திலேப்பியாவும் இன்னொரு காரணம். திலேப்பியா யாரென்று தெரியுமா? நம் குளங்களில் ஜிலேபி என்று கூப்பிடுகிறோமே, சாட்சாத் அதுவேதான். 2021-ல் மெக்சிகோ அரசு ஆக்ஸோலாட்டிலின் படத்தை 50 பெசோ நோட்டில் அச்சடித்தது. நோட்டில் இருக்கிறது. தண்ணீரில்தான் தேட வேண்டியிருக்கிறது.

இனி, முதலில் சொன்ன அமெரிக்க நகரத்துக்கு வருவோம். டெக்சஸ் மாநிலத் தலைநகரான ஆஸ்டின்.

ஊருக்கு நடுவே 'பார்ட்டன் ஊற்றுகள்' என்று ஓர் இடம். 1837-ல் அங்கே குடியேறிய வில்லியம் பார்ட்டன் என்பவர் மூன்று ஊற்றுகளுக்குத் தன் மகள்களின் பெயரை வைத்தார் என்பார்கள். பார்த்தீனியா, எலைஸா, ஜெனோபியா. (ஊற்றுக்கும் ஆற்றுக்கும் பெண் பெயர் வைக்கிற பழக்கம் நம் சொத்து மட்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்!) பிறகு அது ஜில்கர் என்ற ஐஸ் கம்பெனி முதலாளியின் கைக்கு வந்தது. அவர் 1917-ல் அதை ஊருக்கே கொடுத்துவிட்டார். அதற்காக நகராட்சி செலுத்திய ஒரு லட்சம் டாலரையும் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் தொழிற்கல்விக்கு ஒதுக்கச் செய்தார்.

ஊற்று நீரை அணை கட்டித் தேக்கி, மூன்று ஏக்கரில் ஒரு நீச்சல் குளம். வெயில் நாற்பது டிகிரி கொளுத்தினாலும் தண்ணீர் இருபது, இருபத்தோரு டிகிரியில் சில்லென்று இருக்கும். குளிர்காலத்திலும் அதே இருபதுதான். சராசரியாக நாளொன்றுக்குப் பத்து கோடி லிட்டருக்கும் மேல் பூமிக்கடியிலிருந்து பொங்கி வருகிறது. நடிகர் ராபர்ட் ரெட்ஃபோர்ட் சின்னப் பையனாக நீச்சல் பழகியது இங்கேதான்.

எல்லாக் குழந்தைகளுக்கும் அந்தப் பாக்கியம் கிடைக்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். கறுப்பர்கள் அந்தக் குளத்தில் இறங்கக் கூடாது என்று வைத்திருந்தார்கள். 1960-ல் ஒரு கறுப்பினப் பள்ளி மாணவி தடையை மீறிக் குதித்தாள். அவளைத் தொடர்ந்து பலரும் இறங்கினார்கள். 1962-ல்தான் குளம் எல்லோருக்கும் ஆனது. பொதுக்குளத்தில் யார் இறங்கலாம் என்று கேள்வி கேட்ட ஊர்க்காரர்களான நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 1927-ல் மகாட் குளத்தில் அம்பேத்கர் அள்ளிக் குடித்ததும் அதே கேள்விக்குத்தானே?

அந்தக் குளத்தின் அடியில், கூழாங்கற்களுக்கு நடுவே, ஆறேழு சென்டிமீட்டர் நீளத்தில் ஒரு ஜீவன் வாழ்ந்துகொண்டிருந்தது. கழுத்தின் இரண்டு பக்கமும் சிவப்புச் சிறகு மாதிரி செவுள்கள். தவளைக்குஞ்சு வளர்ந்தால் செவுள் மறைந்துவிடும் அல்லவா? இதற்கு மறையாது. சாகும்வரை குழந்தை முகம். கரையேறவே ஏறாது. ஊற்றுத் தண்ணீர்தான் அதன் உலகம். இந்த வட்டாரத்து ஊற்றுகளையும் நிலத்தடி நீரையும் விட்டால் அதற்கு வேறு முகவரி கிடையாது.

ஊற்றுக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? இங்கேதான் விஷயம் இருக்கிறது. ஆஸ்டினுக்குத் தெற்கிலும் மேற்கிலும் உள்ள நிலம் சுண்ணாம்புப் பாறை. கல் என்றுதான் பெயர், உள்ளே சல்லடை. குகைகள், விரிசல்கள், ஓட்டைகள். மேலே பெய்கிற மழை ஓடையில் ஓடி, ஏதாவது ஓர் ஓட்டையில் விழுந்து, பாறைக்குள்ளேயே பயணம் செய்து ஊற்றில் வந்து எட்டிப் பார்க்கும். மண்ணில் மெதுவாக ஊறி வடிகட்டி வருகிற நிலத்தடி நீரல்ல இது. விஞ்ஞானிகள் ஓட்டைகளில் சாயத்தைக் கரைத்து ஊற்றிப் பார்த்தார்கள். பல மைல் தள்ளி விட்ட சாயம் சில நாட்களிலேயே ஊற்றில் வந்து நின்றது! அதாவது, மேட்டில் ஒருவர் காரைக் கழுவினால், பள்ளத்தில் சாலமாண்டர் அதைக் குடிக்கும்.

அந்த மேட்டில்தான் ரியல் எஸ்டேட் கண் வைத்தது. ஃப்ரீபோர்ட்-மெக்மொரான் என்று ஒரு பெரிய கம்பெனி. இந்தோனேசியாவின் பப்புவாவில் பிரம்மாண்டமான தங்க, செம்புச் சுரங்கம் நடத்துகிறார்களே, அவர்கள்தான். பார்ட்டன் ஓடையின் கரையில் நாலாயிரம் ஏக்கரில் ஆயிரக்கணக்கான வீடுகள், அடுக்குமாடிகள், அலுவலகங்கள், கோல்ஃப் மைதானங்கள் என்று திட்டம் போட்டார்கள்.

1990-ம் வருடம் ஜூன் 7. நகர மன்றத்தில் கருத்துக்கேட்புக் கூட்டம். நம்ம ஊர் கருத்துக்கேட்புக் கூட்டங்களை நினைத்துக்கொண்டு இதைப் படிக்காதீர்கள். எண்ணூறு பேருக்கும் மேல் பேசுவதற்குப் பெயர் கொடுத்திருந்தார்கள். சாயங்காலம் தாண்டியது, நடுராத்திரி தாண்டியது, ஒவ்வொருவராக எழுந்து வந்து பேசிக்கொண்டே இருந்தார்கள். ஒருவர் தான் குளித்ததைச் சொன்னார், இன்னொருவர் தன் பிள்ளை குளிக்கப் போவதைச் சொன்னார். மன்ற உறுப்பினர்கள் கலைந்து போகவில்லை. விடிகிற நேரத்தில் வாக்கெடுப்பு. திட்டம் ஏகமனதாக நிராகரிக்கப்பட்டது.

ஒரு திட்டத்தை நிறுத்தினால் அடுத்தது வரும் என்பது அந்த ஜனங்களுக்குத் தெரியும். ஆகவே 'நம் ஊற்றுகளைக் காப்பாற்றுங்கள்' என்று ஓர் இயக்கம் கட்டினார்கள். ஆங்கில முதல் எழுத்துகளைச் சேர்த்தால் எஸ்.ஓ.எஸ்! மூழ்குகிற கப்பல் அனுப்புகிற அபாயச் செய்தியும் அதுதானே. அவர்களே ஒரு சட்ட வரைவு எழுதி, கையெழுத்து வாங்கி, ஓட்டுக்கு விடச் சொன்னார்கள். 1992 ஆகஸ்ட் 8-ல் ஓட்டெடுப்பு. சுமார் மூன்றில் இரண்டு பங்கு பேர் ஆதரித்தார்கள்.

அந்தச் சட்டத்தின் உயிர்நாடி ஒரே ஒரு கணக்கு. மழைநீர் உள்ளே இறங்க விடாத தரை எவ்வளவு இருக்கலாம்? ஊற்றுக்கு நேரே நீர் ஊட்டுகிற பகுதியில் 15 சதவிகிதம். நம் கணக்கில் சொன்னால், ஒரு ஏக்கருக்கு நூறு சென்ட். அதில் கூரை, ரோடு, சிமென்ட் வாசல், கார் நிறுத்துமிடம் எல்லாம் சேர்த்துப் பதினைந்து சென்டைத் தாண்டக் கூடாது. மிச்சம் எண்பத்தைந்து சென்ட் மண்ணாகவே கிடக்க வேண்டும். (நீங்கள் குடியிருக்கும் மனையில் மண் எத்தனை சென்ட் தெரிகிறது என்று வாசலுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். நான் பார்த்துவிட்டேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது.)

இவ்வளவு கலாட்டாவிலும் சாலமாண்டர் எங்கே? அது இன்னும் மேடைக்கே வரவில்லை. அதற்கு அறிவியல் பெயர்கூடக் கிடையாது! அதே 1992-ல் டெக்சஸ் பல்கலைக்கழக உயிரியலாளர்கள், 'இது அழியப் போகிறது, அழிவு நிலை உயிரினங்களின் பட்டியலில் சேருங்கள்' என்று மத்திய அரசுக்கு மனுப் போட்டார்கள். பெயர் இல்லாத பிராணிக்கு மனு! 1993-ல்தான் முறைப்படி பெயர் சூட்டினார்கள். என்ன பெயர் தெரியுமா? 'யூரிசியா சோசோரம்'. அந்த சோசோரம் என்பது எஸ்.ஓ.எஸ். என்ற எழுத்துகளை லத்தீனாக்கியது. தண்ணீருக்காக ஓட்டுப் போட்ட ஜனங்களின் பெயரைச் சுமந்துகொண்டு அந்தப் பிராணி அறிவியலுக்குள் நுழைந்தது.

பெயர் கிடைத்தது. பாதுகாப்பு கிடைக்கவில்லை. பட்டியலில் சேர்த்தால் கட்டடத் தொழில் படுத்துவிடும் என்று மாநிலத்தில் பலருக்குப் பயம். 1996-ல் மத்திய உள்துறைச் செயலர் புரூஸ் பாபிட், 'மாநிலத் துறைகளோடு ஒரு பாதுகாப்பு ஒப்பந்தம் போட்டாயிற்று, பட்டியல் தேவையில்லை' என்று மனுவை மூட்டை கட்டினார். இயக்கம் கோர்ட்டுக்குப் போனது. லூசியஸ் பண்ட்டன் என்ற நீதிபதி 1997 மார்ச்சில் அந்த முடிவு செல்லாது என்றார். ஏப்ரல் 30-ல் அறிவிப்பு வந்தது. பார்ட்டன் ஊற்று சாலமாண்டர் சட்டப்படி அழியும் நிலையில் உள்ள உயிரினம் ஆனது.

இப்போது ஒரு வேடிக்கை. இவ்வளவு காலம் குளத்துக்காகப் போராடியவர்களுக்கே வயிற்றில் புளி கரைத்தது. சாலமாண்டருக்காகக் குளிப்பதையே நிறுத்திவிடுவார்களோ? ஏனென்றால் அதைக் கொன்றவர்களில் குளிக்கிறவர்களும் உண்டு. குளத்துப் பாசியைக் கழுவ நகராட்சி குளோரின் போட்டுக்கொண்டிருந்தது. 1992-ல் அது எக்கச்சக்கமாகப் போய் மீன்களும் சாலமாண்டர்களும் செத்தன. அதற்குப் பிறகு குளோரினை நிறுத்தினார்கள். தண்ணீரைப் பீய்ச்சித் தேய்த்துக் கழுவும் முறை வந்தது. 1998-ல் ஓர் ஏற்பாட்டுக்கு வந்தார்கள். ஜனங்களும் குளிக்கலாம், சாலமாண்டரும் வாழலாம். கழுவுவதற்கு வாரத்தில் வியாழக்கிழமை குளத்துக்கு விடுமுறை. நல்ல பங்காளிச் சமரசம்!

அதே 1998-ல் இரண்டு விஷயங்கள் நடந்தன. ஓட்டுப் போட்டுக் கொண்டுவந்த சட்டத்தை எதிர்த்த வழக்கில், டெக்சஸ் உச்ச நீதிமன்றம் 'செல்லும்' என்றது. மே மாதம், ஊர் ஜனங்கள் தங்கள் தலையில் தாங்களே 6.5 கோடி டாலர் கடன் பத்திரத்தைச் சுமத்திக்கொண்டு, ஊற்றுக்கு நீர் ஊட்டும் நிலத்தில் சுமார் பதினைந்தாயிரம் ஏக்கரைக் காப்பாற்ற முன்வந்தார்கள். சட்டம் மாறலாம், மன்றம் மாறலாம், பத்திரம் பதிந்த நிலம் மாறாது என்கிற கணக்கு. எனக்கு இந்த முழுக் கதையிலும் ரொம்பப் பிடித்த இடம் இதுதான்.

தேவதைக் கதை மாதிரி சொல்லிவிட்டுப் போக எனக்கு ஆசைதான். உண்மை அப்படியில்லை. 1992-ல் ஓட்டெடுப்பை மன்றம் சில மாதங்கள் தள்ளிப் போட்டது. அந்த இடைவெளியில் ஓடோடிப் போய்ப் பழைய விதியின் கீழ் விண்ணப்பம் போட்டவர்கள் ஏராளம். 1995-ல் மாநில சட்டமன்றம், விண்ணப்பித்த நாளில் என்ன விதி இருந்ததோ அதுவே செல்லும் என்று அவர்களுக்குச் சாதகமாகச் சட்டம் போட்டது. மேட்டில் வீடுகள் முளைத்தன. ஊர் பெருத்தது. சாலமாண்டர் பட்டியலிலிருந்து வெளியே வரவில்லை. அதே ஊற்றில் வாழும் கண்ணில்லாத இன்னொரு இனத்துக்கு 2001-ல் அறிவியல் பெயர் வைத்தார்கள். 2013-ல் அதையும் அதே பட்டியலில் சேர்க்க வேண்டியதாயிற்று.

ஆனால் கண்காணிப்பு நிற்காததால் ஒரு பெரிய திருடன் பிடிபட்டான். 2000-க்குப் பிறகு ஆஸ்டின் ஓடைகளின் சேற்றைச் சோதித்தபோது, புற்றுநோய் உண்டாக்கக்கூடிய ஒரு ரசாயனக் கூட்டம் அளவுக்கு மீறி இருந்தது. எங்கிருந்து வருகிறது? வண்டிப் புகையா, தொழிற்சாலையா? தொழிற்சாலையே இல்லாத குடியிருப்புகளுக்குக் கீழேயும் இருந்தது. நகராட்சி ஊழியர்கள் ஓடையைப் பிடித்து மேலே மேலே நடந்தார்கள். கடைசியில் போய் நின்ற இடம், அடுக்குமாடி வீடுகளின் கார் நிறுத்துமிடம்!

அமெரிக்காவில் கார் நிறுத்தும் தரைக்குக் கறுப்பாகப் பளபளவென்று ஒரு பூச்சு அடிப்பார்கள். நம் ஊர் ரோட்டுக்குப் போடும் தார் பெட்ரோலியத்திலிருந்து வருவது. அந்தப் பூச்சில் ஒரு வகை நிலக்கரித் தாரில் செய்தது. அதில் அந்த ரசாயனம் பெட்ரோலியத் தார்ப் பூச்சைவிடச் சுமார் ஆயிரம் மடங்கு அதிகம். டயர் உரச உரசத் தூளாகும். மழை அந்தத் தூளை ஓடைக்குக் கொண்டுபோகும். யாரும் சந்தேகப்படாத குற்றவாளி! அமெரிக்க நிலவியல் ஆய்வுத் துறை 2005-ல் இதை ஆய்வாக வெளியிட்டது. அதே வருடம் ஆஸ்டின் அந்தப் பூச்சைத் தடை செய்தது. அமெரிக்காவில் முதல் நகரம். சில வருடங்கள் கழித்து ஊர் ஏரியின் அடிச்சேற்றை எடுத்துப் பார்த்தபோது, அந்த ரசாயனம் சராசரியாக 58 சதவிகிதம் குறைந்திருந்தது. 2011-ல் வாஷிங்டன் மாநிலம் முழுக்கத் தடை வந்தது.

ஒரு விரல் நீளப் பிராணியை வைத்துக்கொண்டு தண்ணீரைக் கவனிக்க ஆரம்பித்தார்கள். கடைசியில் மனுஷக் குழந்தைகள் விளையாடும் வாசலில் கிடந்த விஷம் தெரிந்தது. காலண்டரில் போடாத பலன் அது.

இப்போது கல்வராயன்மலைக்குத் திரும்புவோம்.

இந்த மலையின் வரலாறு வேறு மாதிரி. ஆஸ்டினில் டெவலப்மென்ட் அளவுக்கு மீறி வந்தது தகராறு. இங்கே வராததே தகராறு. மூன்று ஜாகீர்தார்களின் கையில் இருந்த மலை இது. நாடு சுதந்திரம் அடைந்து கிட்டத்தட்ட முப்பது வருடம் கழித்து, 1976-ல்தான் அரசின் கைக்கு வந்தது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்த பிறகுதான், கல்வராயன் மலைவாசிகளின் வாழ்க்கை பற்றி நாட்டுக்கே கவனம் வந்தது. உயர் நீதிமன்றம் தானாகவே வழக்காக எடுத்து, ரோடு எங்கே, ஆஸ்பத்திரி எங்கே, பள்ளிக்கூடம் எங்கே என்று கேட்டது.

ஆகவே 'ரோடு போடாதே' என்று சென்னையில் ஃபேன் காற்றில் உட்கார்ந்து எழுதுவது அயோக்கியத்தனம். நோயாளியைத் தூளியில் கட்டித் தூக்கிக்கொண்டு மலை இறங்குகிறவர்களிடம் போய் தவளையின் தோலைப் பற்றிப் பேச எனக்கு வாய் வராது. ரோடு வரத்தான் வேண்டும். அது ஓடையைத் தாண்டும் இடத்தில் குழாயைப் புதைத்து மூடப் போகிறார்களா, பாலம் கட்டித் தண்ணீரை அதன் போக்கில் விடப் போகிறார்களா? அருவிக்குப் பக்கத்தில் வண்டி நிறுத்தும் இடம் வந்தால், அதன் மழைநீர் நேரே ஓடைக்கா, நடுவில் கொஞ்சம் மண்ணுக்கா? விடுதி வந்தால் அதன் கழிவு எங்கே? கல்வராயன் கருங்கல் மலை. சுண்ணாம்புச் சல்லடை இல்லை. ஆனால் மேலே விட்டது கீழே வந்து சேரும் என்பது எந்தக் கல்லுக்கும் பொது. மலையில் விளைகிற மரவள்ளியை அரைக்கிற ஜவ்வரிசி ஆலைகள் சமவெளியில் இருக்கின்றன. சேலம், ஆத்தூர் வட்டாரத்து ஜனங்களைக் கேட்டால், ஆலைக் கழிவு இறங்கிய ஓடை எப்படி நாறும் என்று சொல்வார்கள்.

மலை ஓடைகள் அந்த நிலைக்கு வராமல் பார்க்க நமக்கு ஒரு சாலமாண்டர் இல்லை. அதனால் என்ன? ஆஸ்டினில் 1993-லிருந்து நகராட்சி உயிரியலாளர்கள் குளத்துக்கு அடியில் குப்புறக் கிடந்து, கல்லைப் புரட்டிப் புரட்டிச் சாலமாண்டரை எண்ணி எழுதுகிறார்கள். போன தடவை எத்தனை, இந்தத் தடவை எத்தனை. அந்த நோட்டுப் புத்தகம் இல்லாமல் கோர்ட்டும் நகர்ந்திருக்காது, தார்ப் பூச்சும் பிடிபட்டிருக்காது. நம் ஓடையில் கல்லைப் புரட்டினால் தலைப்பிரட்டை இருக்கும். நண்டு இருக்கும். தட்டான் குஞ்சு இருக்கும். தண்ணீர் கெட்டால் முதலில் காணாமல் போகிற கூட்டத்தில் இதுகளும் சேர்த்தி. அருவிக்கு மேலே ஓர் இடம், கீழே ஓர் இடம் என்று குறித்துக்கொண்டு, ரோடு வருவதற்கு முன்னால் ஒரு தடவை, வந்த பிறகு மழைக்கு மழை ஒரு தடவை எண்ணினால் போதும்.

யார் எண்ணுவது என்று கவலைப்படாதீர்கள். வெள்ளிமலையில் ஏதாவது ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளிடம் ஒரு நோட்டையும் பென்சிலையும் கொடுத்துப் பாருங்கள். ஓடையில் கல்லைப் புரட்டுகிற வேலையில் ஆஸ்டின் விஞ்ஞானிகளால் அவர்கள் பக்கத்தில்கூட வர முடியாது.